முகத்தில் பழைய காயம்: இல்லை

ஜூன் 3, 2025

மகன் டினேஷ் கனடாவிலிருந்து அனுப்பிய போன், நான் பேசப் பேச எழுதுகிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. பேசியதை அழிக்கவும் தெரியாது.

இன்று யாழ்ப்பாணத்தில் பல் டொக்டர் கீர்த்திகாவிடம் போனோம். பேத்தி டிலோஜினியின் முன்னுக்கு மிதந்த பல்லை உள்ளே இழுக்க, தாடை எலும்பில் ஒரு குட்டி ஆணி முறுக்க வேண்டுமாம். அரிசி மணி அளவு. அதற்குமுன் தாடையைப் படம் பிடிக்க வேண்டுமாம்!

"ரெண்டு வேருக்கும் நடுவில எவ்வளவு எலும்பு இருக்கெண்டு பாக்காமல் போடமாட்டன் ஐயா."

நாற்பது வருஷம் வள்ளத்துக்கு ஆணி அடித்தவன் நான். விரலால் தட்டினாலே பலகையின் தடிப்புத் தெரியும். இதுகளுக்கு அரிசி மணிக்குப் படம். படித்ததுகளின் கைநடுக்கம், வேறென்ன?

படிவத்தில் ஒரு கேள்வி: முகத்தில் பழைய காயம் உண்டா? மகள் மார்த்தா எனக்கும் வாசித்துச் சொல்லி, 'இல்லை' என்று எழுதினாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஜூன் 4

படம் வேண்டாம் என்றேன்.

"பிடிக்கிறது அவளின்ர வாயை. உங்களுக்கு என்னப்பா நோகுது?" என்றாள் மார்த்தா.

ஜூன் 9

மார்த்தா படத்துக்கு நாள் குறித்துவிட்டாள். படத்துக்கா பயம்? சீ!

அப்போது டிலோஜினிக்கு நாலு வயது. பெருநாளுக்கு மறுநாள், பேசாலைக் கரை. பின்னால் பாராமல் தூண்டிலை வீசினேன். முள் பிள்ளையின் கன்னத்தைத் துளைத்து, பல்லடி முரசில் கொழுவியது. குறட்டால் இழுத்தேன் — முனை இல்லாமல் வந்தது. மண்ணில் விழுந்திருக்கும், விழுந்திருக்கும்... மார்த்தா வந்தபோது வீக்கம் மட்டும்தான். "குளவி குத்திப்போட்டுது" என்றேன்.

ஜூன் 17

படம் வந்தது. ஆணி போட நினைத்த அதே இடத்தில், வேரோடு ஒட்டி வெள்ளையாக ஒரு வளைந்த கீற்று.

"இது இரும்பு. பாக்காமல் முறுக்கியிருந்தால் ஆணி இதில முட்டி முறிஞ்சிருக்கும். எப்பிடி வந்தது?" என்று டொக்டர் கேட்டாள்.

மார்த்தா குளவிக் கதையைச் சொன்னாள். டிலோஜினி என்னையே பார்த்தாள்.

"அம்மப்பா, குளவிக்கு இரும்பு முள்ளோ?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். தட்டிப் பார்த்தே தடிப்புச் சொல்பவனாம். தூ!

ஜூலை 2

பின்பக்கம், எலும்பு தடித்த இடத்தில் ஆணி போட்டாயிற்று. முனையை எடுக்க வேறு நாள்.

படிவத்தில் மார்த்தாவின் 'இல்லை' வெட்டப்பட்டு, கீழே டிலோஜினியின் எழுத்து.

"என்ன எழுதினனீ?"

"வாசிக்கவோ?"

வேண்டாம் என்றேன். சத்தமாக வாசித்தாள்: "உண்டு. குளவி இல்லை, அம்மப்பாவின்ர தூண்டில்."