உன் நைட்டிக்கு வினிகர்

கோபக்காரிக்கு,

துணிக்கு ஊற்றுகிற கண்டிஷனரை மூன்றே வாரத்தில் காலி பண்ணிவிட்டாய் என்று நேற்றுக் கத்தினேன். நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய். காலையில் கொடியில் தொட்டுப் பார்த்தேன். உன் நைட்டி அட்டை மாதிரி விறைப்பு, என் சட்டை மட்டும் பஞ்சு. மூட்டை தூக்கித் தோல் உரிந்த என் தோளுக்காக அத்தனையும் அதிலேயே ஊற்றியிருக்கிறாய். நான் ஒரு மடையன்.

உன் நைட்டியைத் திரும்ப அலசிப் போட்டிருக்கிறேன். கடைசித் தண்ணீரில் ஒரு மூடி வினிகர். கண்டிஷனருக்குப் பதிலாக எங்கள் கிடங்குச் சமையல்காரர் சொன்ன சிக்கனம். காய்ந்தால் வாடை போய்விடுமாம்.

கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். குடித்துவிடு.

மழை வந்தால் துணியை எடு.

நைட்டி மெத்தென்று ஆகிவிட்டால் இனி என் சட்டைக்கும் வினிகர்தான். ஆகாவிட்டால் கண்டிஷனர் வாங்கி வருகிறேன். அது உனக்கு மட்டும்.