உன் காரை நான் மழையில் ஓட்டிய அன்று

ஊரப்பாக்கம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள எழிலுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். கடிதத்தின் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறோம், அதைத் தெரிந்துகொண்டுதான் நீ மேலே படிக்க வேண்டும். நீயும் அந்த ஆக்லாந்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குப் பேப்பரில் எழுதி அதைப் படம் எடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாலைந்து தடவை ஆரம்பித்தேன். நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் உடனே சாம்பாருக்கு என்ன காய் போட்டாய் என்று பேச்சை மாற்றிவிடுவேன். பேப்பர் குறுக்கே பேசாது.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கிறது. மொட்டை மாடியில் நீ சிமெண்ட் பூசச் சொன்ன இடத்தில் ஒழுகல் நின்றது, இப்போது சமையலறைப் பக்கம் ஆரம்பித்திருக்கிறது. உன் சித்தப்பா மகள் சினேகாவுக்குத் தையில் நிச்சயம், உனக்குப் போன் செய்வாள், எடுத்துப் பேசு, வேலையாக இருக்கிறேன் என்று மெசேஜ் போட்டு முடித்துவிடாதே. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. குடிக்கிற தண்ணீரை டாக்டர் இன்னும் குறைத்திருக்கிறார், இவர் எனக்குத் தெரியாமல் மோர் குடிக்கிறார், மீசையில் ஒட்டிக்கொண்டிருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கிறேன். நீ ஒரு தடவை சொன்னால் கேட்பார்.

போன மாதம் அந்தப் பெரிய மழையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஆட்டோ கிடைத்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். ஆட்டோ கிடைக்கவில்லை எழில். உன் காரில்தான் போனோம். நான்தான் ஓட்டினேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பாதான் தடுத்தார், அவன் அங்கே தூங்க மாட்டான் என்றார். இப்போது அவரே சொல்லிவிடு என்கிறார். ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

அந்த வாரம் மழையால் ஒரு டயாலிசிஸுக்குப் போக முடியவில்லை. மறுநாள் காலையிலேயே அப்பாவின் கால் வீங்கிவிட்டது. மதியம் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சை இழுத்தார். அந்தச் சத்தத்தை நான் உனக்கு எழுத மாட்டேன். டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்தேன், நுரையீரலில் தண்ணீர் சேர்ந்திருக்கும், எப்படியாவது உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் பெருங்களத்தூருக்கு அந்தப் பக்கமே தண்ணீரில் மாட்டிக்கொண்டு நின்றது. ரயில் நின்றுவிட்டது. கால் டாக்ஸி ஒவ்வொன்றாக வருகிறேன் என்று சொல்லி வராமல் போயின. பக்கத்து வீட்டு தபீதாள் குடையோடு மெயின் ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு முழுக்க நனைந்து வந்து, "அக்கா, ஒரு வண்டியும் இல்லக்கா. ஷெட்ல தம்பி வண்டி நிக்குதே, நீங்கதான் ஓட்டுவீங்களே" என்றாள். எனக்கு ஓட்டத் தெரியும்தான். நம் பழைய காரை எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் உன் காரை ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவதோடு சரி. அதற்கே கிளட்சை மிதித்து இடது கால் வலிக்கும்.

நீ கிளம்பும் முன் சொன்னதை எல்லாம் அந்த நேரத்தில் மனதில் ஓட்டிப் பார்த்தேன். காற்றை இழுக்கிற ஃபில்டரை முன்னால் கீழே இறக்கி வைத்திருக்கிறேன், தண்ணீரில் மட்டும் இறக்கிவிடாதே, இன்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டால் அவ்வளவுதான் என்றாய். ஆர்பிஎம் முள் மூவாயிரத்தைத் தாண்டினால் டர்போ வேலை செய்ய ஆரம்பிக்கும், அதற்கப்புறம் அது வேறு வண்டி, நீ அங்கே போகாதே அம்மா என்றாய். சரி, போகாமல் இருந்தால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். தபீதாளும் நானும் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பின் சீட்டில் உட்காரவைத்தோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணன நான் புடிச்சுக்கிறேன், நீங்க ரோட்ட மட்டும் பாருங்க" என்றாள்.

தெருமுனை வேகத்தடையில் வண்டியின் வயிறு உரசிய சத்தத்தில் அப்பா முனகினார். ஜிஎஸ்டி ரோட்டில் ஏறியதும் எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வைப்பர் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கண்ணாடியில் தண்ணீர் நிற்கிறது. எதிர்ப்பக்கம் போன பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்தது, கொஞ்ச நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போல ஓட்டினேன். டர்போவுக்கென்று நீ ஒட்டவைத்த அந்தச் சின்ன மீட்டரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே முள்ளை ஏறவிடாமல் கிளாம்பாக்கம் தாண்டினேன். பின்னால் தபீதாள் வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டு வந்தாள், அதற்கு நடுவில் அப்பா மூச்சு இழுப்பது கேட்டது. அது கேட்கிற வரைக்கும் எனக்குத் தைரியம்.

வண்டலூர் தாண்டி ஒரு கன்டெய்னர் லாரி இடது பக்கத்திலிருந்து என் மேல் சாய்வது போல ஒதுங்கி வந்தது. அதன் சக்கரம் என் ஜன்னல் உயரம். பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் இடிப்பான் என்று நினைத்தேன், முன்னால் ரோடு காலியாக இருந்தது, தாண்டிவிடலாம் என்று மிதித்தேன். முதலில் வண்டி ஒன்றும் செய்யவில்லை. போதவில்லை என்று இன்னும் மிதித்துவிட்டேன். அப்புறம் விசில் மாதிரி ஒரு சத்தம், மீட்டர் முள் சட்டென்று மறுபக்கம் போய் விழுந்தது, யாரோ பின்னாலிருந்து தூக்கி எறிந்தது போல வண்டி பாய்ந்தது. சென்டர் மீடியன் ஓரமாகத் தண்ணீர் தேங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. அதில் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் வெறுமையாகிவிட்டது எழில். அதுவரை இரும்பு மாதிரி கனமாக இருந்த ஸ்டீயரிங் விளையாட்டுச் சாமான் போலச் சுற்றியது. நான் இடது பக்கம் திருப்புகிறேன், வண்டி வலது பக்கம் போகிறது. காலை எடுத்தேன், புஸ் என்று உன் வண்டி பெருமூச்சு விடுமே, அதை விட்டுவிட்டுச் சுற்றியது. மீடியன் தெரிந்தது, லாரி தெரிந்தது, அப்புறம் நாங்கள் வந்த வழியே எங்கள் முன்னால் தெரிந்தது. அதில் ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

தபீதாளின் ஜெபம் நின்றுவிட்டது. நான் கண்ணை மூடவில்லை, மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இவரைக் காப்பாற்றுகிறேன் என்று கூட்டிவந்து, தன் குடும்பத்தை விட்டு எங்களோடு வந்த ஒரு பெண்ணையும் சேர்த்துக் கொல்லப் போகிறேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பஸ் நெருங்கி நெருங்கி வந்து, அதன் கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிகிற தூரத்தில் நின்றது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கலாம், அவ்வளவுதான் இடம்.

ஸ்டீயரிங்கைப் பிடித்த விரலை என்னால் பிரிக்க முடியவில்லை. அப்பாதான் பின்னாலிருந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்து, "கனகா, வண்டி ஆஃப் ஆயிடுச்சு. கிளட்ச மிதி. ஸ்டார்ட் பண்ணு" என்றார். கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். அதற்குள் பஸ் டிரைவர் இறங்கி மழையில் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பின் சீட்டைப் பார்த்தவர், "இன்னாம்மா, பெரியவருக்கு முடிலயா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்று மட்டும் எனக்குச் சொல்ல வந்தது. "சரி, பயப்படாத. மெதுவா திருப்பு, நா வண்டிங்கள நிறுத்துறேன். நீ முன்னால போய்க்கினே இரு, நா உன் பின்னால வரேன். என்னத் தாண்டி எவனும் உன் கிட்ட வர மாட்டான்" என்றார். கன்டக்டரும் அவரும் ரோட்டில் நின்று மற்ற வண்டிகளை நிறுத்தினார்கள், நான் திருப்பினேன். பெருங்களத்தூர் முழுக்க அந்தப் பஸ் எனக்குப் பின்னால் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு, நான் ஊர்ந்த வேகத்தில் ஊர்ந்து வந்தது. கண்ணாடியில் அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். கண்ணீர் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையை எடுக்கப் பயமாக இருந்தது.

இரும்புலியூரில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் நின்றது. பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவனுக்கு முட்டிக்கு மேலே வந்தது. நீ சொன்னது நினைவில் இருந்ததால் மேடான இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. பின் சீட்டில் அப்பாவின் உதடு கறுத்திருந்தது, தபீதாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பஸ் டிரைவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "பெரியவர இங்க ஏத்து. பஸ்ஸு போய்டும்" என்றார். உள்ளே இருந்தவர்கள் இறங்கி வந்து அப்பாவை உட்கார்ந்த நிலையிலேயே தூக்கி ஏற்றினார்கள். தண்ணீருக்குள் பஸ் போகும்போது படிக்கட்டு வரைக்கும் வந்தது. எல்லாரும் அப்பாவின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. தன் ரூட்டை விட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு பயணி முன்னால் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார். உள்ளே மாஸ்க் வைத்து, மெஷினில் போட்டு, வெகு நேரத்துக்குப் பிறகு டாக்டர் வெளியே வந்து இனிப் பயம் இல்லை என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தார், நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். அந்த டிரைவர் பெயர் அப்பாதுரை, பம்மல்காரர். பிறகு விசாரித்துப் போய்ப் பார்த்தோம். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

தண்ணீர் வடிந்ததும் உன் காரை எடுக்கப் போனேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. பக்கத்தில் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நம் பழைய கார் டயரில் விரல் நுழைகிற மாதிரி பள்ளம் இருக்கும், தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். இதில் பள்ளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ரேஸ் ஓட்டுகிற டயர், காய்ந்த ரோட்டில் ஒட்டிப் பிடிக்கும் என்று நீ பெருமையாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆளை வைத்து மெதுவாக ஓட்டிவரச் செய்து ஷெட்டில் விட்டுவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை அதை ஸ்டார்ட் செய்ய மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போதும் ஓலா காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மழை பிடித்தால் என் வலது கால் தானாக விறைக்கிறது. டிரைவரிடம் மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதில் அவர் எரிச்சல்படுகிறார்.

இதையெல்லாம் எனக்குள்ளேயே வைத்திருந்திருப்பேன், ஆனால் போன சனிக்கிழமை நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். அங்கே கோடைக்காலம் என்கிறாய், வீடியோவில் மழை கொட்டுகிறது. புதிதாக வாங்கிய காரில் உன் கை கியரில் இருக்கிறது, அதே மாதிரி ஒரு சின்ன மீட்டர், முள் அதே மாதிரி மறுபக்கம் போய் விழுகிறது, பிறகு அந்தப் புஸ். பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். யார் என்று கேட்கவில்லை, நீயாகச் சொல்லும்போது சொல். அவளைப் பெற்றவளும் எங்கேயோ உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டதும் போன் கையிலிருந்து நழுவி மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. அப்பாவிடம் காட்டினேன். சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டு தடவை பார்த்தார். "எழுதிடு கனகா. நடந்தத அப்படியே எழுதிடு" என்றார்.

நீ நன்றாக ஓட்டுவாய், எனக்குத் தெரியும். என்னை மாதிரி பதற மாட்டாய். ஆனால் அன்றைக்கு ஸ்டீயரிங் வெறுமையான பிறகு நன்றாக ஓட்டுகிறவன், ஓட்டாதவன் என்று எதுவுமே இல்லை எழில். நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த வண்டிக்கு அது தெரியவில்லை. முன்பெல்லாம் பார்த்துப் போ, பார்த்துப் போ என்று உன்னிடம் சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதைப் பார்க்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. இப்போது தெரியும். அதனால் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது. உனக்கு அந்த வண்டி எவ்வளவு பிடிக்கும் என்றும் தெரியும், விற்றுவிடு என்று சொல்ல மாட்டேன். மழைக்கு ஏற்ற டயரைப் போடு. மழை நாளில் அந்த முள்ளை ஏறவிடாதே. தண்ணீர் தேங்கின இடத்தில் வீம்புக்கு இறங்காதே.

கறிவேப்பிலைப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் ஊறுகாயைப் பிரிட்ஜில் வை. இரவில் வெறும் பிரெட் சாப்பிட்டுப் படுக்காதே. நூறு வயசு இருந்து, உடம்பு சுகத்தோடும் மனசு நிறைவோடும் நீ வாழ வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தபீதாளும் உனக்காக ஜெபித்துக்கொள்கிறாளாம்.

மறக்காமல் ஒன்று செய். இதைப் படித்து முடித்ததும் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே, சாரி அம்மா என்று பொம்மை போட்டு அனுப்பாதே. கீழே இறங்கிப்போய் அந்தக் காரின் நான்கு டயரையும் உன் கையால் தடவிப் பார். ஒவ்வொன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அங்கேயோ இங்கேயோ ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருப்பேன்.

இப்படிக்கு, உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா
கனகவல்லி குப்புராஜ்