முடியலை

என்னங்க, உங்களை எழுப்பவில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து இப்போதுதான் கண்ணயர்ந்தீர்கள். நாலாவது கீமோவுக்கு நானே பஸ் பிடித்துப் போகிறேன். போகும்போது தெம்பாகத்தான் இருப்பேன்.

முட்டை வேகவைத்து மூடியிருக்கிறேன். உப்பு உங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறது. வீடு முழுக்கத் தேடாதீர்கள்.

பதினோரு மணிக்கு உங்கள் அக்கா வருவார். நேற்று போனில் அவரிடம், "அவளுக்கு முடியலைக்கா"ன்னு இழுத்தீர்களே, அது எனக்குப் பிடிக்கவேயில்லை. எனக்கு முடிதான் இல்லை. மற்றதெல்லாம் முடிகிறது. இன்று காலையில்கூட பக்கத்து வீட்டுக்காரியின் மூன்று சட்டைக்கும் பட்டன் காஜா போட்டு முடித்துவிட்டேன். அக்கா கேட்டால் இதை ஒரு சொல் மாறாமல் சொல்லுங்கள்.

வண்டிச் சாவி தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. எதற்கென்றால், பேப்பரில் இடமில்லை, ஓரத்தில் பொடியாக எழுதுகிறேன்:

மருந்து ஏறின பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு வர எனக்கு முடியலை. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.