பின்னாலிருந்து திறக்கும் புத்தகம்

அன்புள்ள மகள் நதியாவுக்கு உன்னைப் பெற்றவள் ரஞ்சிதம் எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் கை கால் அசைய நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை வெற்றிவேலும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்த ஜப்பான் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், சிக்னல் இல்லாத மலை எங்களுடையது, உன் ஊருக்கு என்ன கேடு, அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்கலாம், ஆனால் மீதி அங்கேயே இருக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வருஷம் சாமை பரவாயில்லை, பன்றி வந்து மேல் கொல்லையைப் பாதி உழுதுவிட்டுப் போனதோடு சரி. உன் அப்பாவுக்கு முட்டி வலி, செங்கத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார், இரண்டு நாள் நன்றாக நடந்தார், மறுபடியும் அதே நொண்டல். காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அந்த முட்டியோடுதான் ஜமுனாமரத்தூர் தபால் ஆபீஸ் வரைக்கும் நடந்து போய் நீ வரைந்து அனுப்பிய படக்கதைப் புத்தகத்தை வாங்கிவந்தார். உன் பேர் போட்டு வந்த முதல் புத்தகம் என்று வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார், எழுத்து ஒன்றும் புரியாது, அட்டையில் இருந்த பையனைப் பார்த்துவிட்டு, நம்ம ஜீவா மூஞ்சிம்மே, அதே மூக்கு, பாரு என்று என் கையில் கொடுத்தார். உன் தம்பி செத்து ஐந்து வருஷத்துக்குப் பிறகு உன் அப்பா அவன் பேரை வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

நான் அதைப் படங்களைப் பார்த்தே படித்தேன். எந்தப் புத்தகத்தையும் திறப்பது போலத் திறந்தேன். முதலில் ஒருத்தன் வெள்ளிக் கவசம் போட்ட ராஜகுமாரனாக உட்கார்ந்திருந்தான், வெள்ளை முடிக்காரி ஒருத்தி அவன் தலையைச் சீவிவிட்டாள், காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, இவன் யாரோ என்று நினைத்தேன். பக்கம் திருப்பத் திருப்ப அவன் சின்னவனாக ஆனான், இடது காதுக்குப் பின்னால் லேசாக ஒரு மச்சம் வந்தது, திருப்பத் திருப்பக் கறுத்தது. கைக்குழந்தையாக ஆகும்போது சட்டிக்கரி மாதிரி அப்படியே இருந்தது. அப்புறம் நம் புளியமரம், அடியில் கிடந்தவன் மேலே எழும்பிக் கிளையில் போய் உட்கார்ந்தான், கிளையிலிருந்து இறங்கினான், வீட்டுக்கு வந்தான், கடைசிப் பக்கத்தில் சாமைச் சோறு சாப்பிட்டான். நதியா, நான் அழவில்லை, சத்தம் போட்டுச் சிரித்தேன். நம் வீட்டில் கல்யாணமாகாமல் செத்துப்போன பிள்ளையின் பிணத்தை எடுப்பதற்கு முன்னால் பெற்றவள் சட்டியின் அடிக்கரியைத் தொட்டுக் காதுக்குப் பின்னால் வைப்பாள், அந்த இடத்தில் மச்சத்தோடு அதே வீட்டில் மறுபடியும் பிறப்பான், இது உனக்குத் தெரியாததா. உன் அப்பா காதுக்குப் பின்னால் இருப்பது அப்படி வந்ததுதான், செத்துப்போன சித்தப்பன் பேரைத்தான் சின்னராசு என்று அவருக்கு வைத்தார்கள். உன் தம்பிக்கு நான்தான் வைத்தேன், நீ பக்கத்தில் நின்று பார்த்தாய்.

அதனால் உன் வயிற்றில் இருப்பவன் யார் என்று நீ படம் போட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் செல்லியைக் கூப்பிட்டு, எம் புள்ள வர்றான்டி என்று சொன்னேன். தெருவுக்கே பாயசம் வைத்தேன், தூளிக்குப் பழைய புடவையைத் துவைத்துக் காயப்போட்டேன். தலைப்பிரசவத்துக்கு வர மாட்டேன் என்று போனில் நீ சொன்னதெல்லாம் சும்மா விளையாட்டு, கிளம்பி வந்துவிடுவாய் என்று உன் அப்பாவிடம் சண்டை போட்டேன். அப்போதுதான் செல்லியின் மகள் அபிநயா காலேஜ் லீவில் வந்தாள். புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னா அத்தே, கடைசியில இருந்து படிச்சினு வந்துகீறீங்க, ஜப்பான்காரங்க பொஸ்தகம் அந்தாண்ட இருந்துதான் ஆரம்பிக்கும் என்றாள். அவள் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். சோறு சாப்பிட்டான், மரம் ஏறினான், விழுந்தான், எங்கேயோ பிறந்தான், வளர வளர நான் வைத்த கரி வெளுத்துப் போனது, கடைசியில் அந்த வெள்ளை முடிக்காரி அவனுக்கு அம்மாவாக உட்கார்ந்திருக்கிறாள். இந்த மாதிரிக் கதை அங்கே நிறைய வருமாம், செத்தவன் வேறு உலகத்தில் ராஜாவாகப் பிறப்பானாம், படிக்கிறவர்களுக்கு அது ஆறுதலாம். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். ஒரு முறை மரத்திலிருந்து விழுந்தவனை நீ இரண்டாம் முறையும் தள்ளிவிட்டிருக்கிறாய். பாயசம் குடித்த தெருவில் நான் இப்போது தலை குனிந்து தண்ணீருக்குப் போகிறேன்.

அந்தப் புத்தகத்தில் நான் ஒரே ஒரு பக்கத்தில்தான் வருகிறேன். அதிலும் முகம் இல்லை, முதுகு. கையை நீட்டி மரத்தைக் காட்டுகிறேன். ஆமாம், மழை விட்ட மறுநாள் அவனை ஏறச் சொன்னேன், பழம் மரத்திலேயே ஊறிப் புழு வைத்துவிடும், இந்த மலையில் எந்தத் தாய்தான் சொல்லியிருக்க மாட்டாள். என்னை மட்டும் வரைந்தாயே, கீழே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஏன் வரையவில்லை. வழுக்குது அக்கா என்று அவன் மேலேயிருந்து சொன்னது கொல்லையில் இருந்த எனக்கே கேட்டது. நீ அவனைப் பார்த்துக்கொண்டு இருந்தாயா, போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாயா என்று இத்தனை வருஷம் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் அப்பா இதை எழுத வேண்டாம் என்றார். வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, வுட்டுடு, அதுக்கும் பாரம் இருக்குமில்ல என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். உனக்குப் பாரம் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். உன் பிள்ளை ஜீவாவாக வந்துவிடுவானோ என்ற பயத்தில்தான் உன் தம்பிக்கு வேறு உலகமும் வேறு தாயும் பார்த்துக் கொடுத்து அனுப்பிவைத்தாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. தினம் தம்பி முகத்துக்குப் பால் கொடுக்க உனக்குத் தைரியம் இல்லை. எனக்கு இருக்கிறது, என்னிடம் கொடு. பிள்ளை பிறந்ததும் இடது காதை மடக்கிப் பார். மச்சம் இருந்தால் அவனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு நீ போய் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் போடு. இல்லை என்றால் இங்கே வர வேண்டாம், பேரன் என்று போட்டோவும் அனுப்ப வேண்டாம், யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், பச்சை மீன் அது இது என்று தின்னாதே, ராத்திரி கண் விழித்துப் படம் போடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நீயும் பிள்ளையும் இரண்டு உயிராகச் சுகமாகப் பிரிந்து எழ அந்த ஆத்தாள் துணை இருப்பாள். ஒன்று மறந்துவிடாதே, உன் புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், பிரித்துப் பார். நீ வெளுக்க வைத்த இடத்திலெல்லாம் சட்டிக்கரி தொட்டு என் விரலால் வைத்துவிட்டேன், ஒரு பக்கம் விடவில்லை. அட்டையின் உள்பக்கத்தில் நீ வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பது போல உன்னையே வரைந்து வைத்திருக்கிறாய் அல்லவா, அந்த வயிற்றின் மேலும் ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜீவானந்தத்தின் அம்மா
ரஞ்சிதம்