படகுத்துறை மைக்

மே 4, ஞாயிறு
கால் வைக்க இடமில்லாத கூட்டம். மிதிபடகுகள் அத்தனையும் ஏரியில்; நேரம் முடிந்தும் திரும்பி வர ஒருவருக்கும் மனமில்லை. மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் அக்கா கட்டிலில் காலையில் பார்த்த அதே இடத்தில். அத்தான் இறந்துபோனதிலிருந்து இப்படித்தான். பதினெட்டாம் தேதி அவள் மகன் வந்து நகரத்துக்குக் கூட்டிப் போகிறான். போகட்டும். எனக்கென்ன?

மே 6
எனக்கென்ன என்று எழுதியது பொய்.

மே 8, வியாழன்
குரல் சுத்தமாகப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அக்காவை இழுத்துப்போய் டிக்கெட் அறையில் உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தேன். முதலில் முனகினாள். பிறகு— "அஞ்சாம் நம்பர், வாத்தைத் துரத்தினது போதும். அது என்ன உங்க வீட்டு வாத்தா?" ஏரி முழுக்கச் சிரிப்பு. அஞ்சாம் நம்பர் பெட்டிப்பாம்பாகக் கரைக்கு வந்தது. என் பேச்சை ஒருநாளாவது இப்படிக் கேட்டிருப்பார்களா? கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனால் ராத்திரி அக்கா இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மே 11, ஞாயிறு
மானம் போச்சு.
சாயங்காலம் லைஃப் ஜாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே, பெட்டி கட்டியாகிவிட்டதா என்று அக்காவிடம் கேட்டேன். சும்மாதான் கேட்டேன். "நான் எப்போ தொலைவேன்னு பாக்கறியா?" என்றாள். எனக்கு வந்ததே கோபம், கட்டின தொண்டையோடு கத்திவிட்டேன்.
"போ, தாராளமா போ. நீ போயிட்டா அந்த வீட்ல நான் செவத்தோடதான் பேசணும். அது உனக்கெங்க தெரியப் போகுது?"
சொன்ன பிறகுதான் பார்த்தேன்— மைக்கில் சிவப்பு விளக்கு. அணைக்கவே இல்லை! படகுகளெல்லாம் மிதிப்பதை நிறுத்திவிட்டு நின்றன. எங்கிருந்தோ ஒரு குரல்: "இருந்துடுங்கம்மா!"
அக்கா மைக்கை அணைத்தாள். நாளைக்கு யார் முகத்தில் முழிப்பேன்?

மே 14
அக்கா இன்னும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலைக்கு மட்டும் எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்கிறாள். நானே கேட்டுவிடலாமா, இரு என்று? ஊரே கேட்டுவிட்டது. இனி வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் வாய் வரவில்லை.

மே 18, ஞாயிறு
மகன் காரோடு வந்துவிட்டான். கிளம்புமுன் ஒரு சுற்று போய்வா என்று அக்காவே அவனை மூன்றாம் நம்பர் படகில் ஏற்றினாள். ஜாக்கெட்டை நான்தான் மாட்டிவிட்டேன். பாவம், அவன் நடு ஏரியில் குஷியாக மிதித்துக்கொண்டிருந்தான். அக்கா மைக்கை எடுத்தாள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டுக்கொண்டாள்.
"மூணாம் நம்பர், நேரம் முடிஞ்சுது, கரைக்கு வா கண்ணு. சாப்பிட்டுட்டு நீ மட்டும் ஊருக்குக் கிளம்பு. அம்மாவுக்கு இங்க வேலை இருக்கு."
படகுகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் ஜாக்கெட் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். ஒரே ஈர நாற்றம்.
அவள் பெட்டியைப் பரணில் ஏற்றியாகிவிட்டது. என் தொண்டையும் சரியாகிவிட்டது. மைக்தான் இனி என் கைக்குத் திரும்பி வராது போலிருக்கிறது.