பெருவிரலோரத்து மேடு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். என் பல்லில் வைத்த கிராம்புத் தைலம் இன்னும் என் விரலில் மணக்கிறது. மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகள் எல்லாவற்றிலும் இந்த வாசனைதான். எனக்கு மட்டும் இது உன் அப்பாவின் பல் கடை.

எனக்குப் பல் பிடுங்கிய நாள் நினைவிருக்கிறதா? உன் அப்பா இடுக்கியை எடுத்ததும் உன் அம்மா என் கையைப் பற்றினார். பெருவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்தால் புறங்கையில் புடைக்குமே, அந்த மேட்டை எலும்போரமாக அமுக்கினார். "எங்க சீனாவிலே பல்வலி, தலைவலி எல்லாத்துக்கும் இங்கேதான். ஊசிகூடக் குத்துவா," என்றாய். நான் அலறினேன். "எடீ, பல்லு வெளியே வந்தாச்சு! நீ கைக்காக அழறே!" என்றாய்.

அடுத்து உட்கார்ந்திருந்தவள் பிள்ளைத்தாய்ச்சி. அவளாகவே கையை நீட்டினாள். உன் அம்மா அதைத் தட்டிவிட்டு, உங்கள் மொழியில் கடுமையாக ஏதோ சொன்னார். "வயத்துலே பிள்ளை இருந்தா இங்கே தொடக்கூடாதாம். நாளாகியும் பிரசவ வலி வரலேன்னாத்தான் அமுக்குவாளாம்," என்று என் காதில் சொன்னாய்.

நேற்றுப் பல்வலி தாங்காமல் நானே அந்த இடத்தை அமுக்கினேன், அடங்கும்வரை. வலி போன பிறகுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்கு இது ஏழாம் மாதம். காலையிலிருந்து வயிற்றில் அசைவில்லை.

லேடி டாக்டர் குழல் வைத்துக் கேட்டார். "துடிப்பு உண்டு, மோளே. கொஞ்சம் மெல்லத்தான். நாளைக்கு வா, நோக்காம்." கையை அமுக்கியதைச் சொன்னேன். "பி.ஏ. படிச்ச குட்டியா இப்படிப் பேசறது!" என்று சிரித்தார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

யாரைக் கேட்பேன்? சீனாவோடு எல்லையில் சண்டை மூண்டபோது நான் முதல் பிரசவத்துக்குப் பாலக்காட்டில் இருந்தேன். திரும்பி வந்தால் உங்கள் கடை பூட்டிக் கிடந்தது. "மூணு பேரையும் போலீஸ் ஜீப்பில கொண்டு போயி. வடக்கே ஏதோ கேம்ப்பாம்," என்றார் சாயாக்கடைச் சேட்டன். "இவிடே பிறந்த பெண்ணாணு," என்று உன்னைப் பற்றி அவரே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். பிறகு உங்களைக் கப்பலேற்றிவிட்டதாகவும் பேச்சு. நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது புறங்கையில் அந்த ஓர் இடம்தான். பல் மறுபடி வலிக்கிறது. தொடமாட்டேன்.

அம்மா இருந்தால் கேட்டுச் சொல்: தெரியாமல் அமுக்கிவிட்டால் மாற்று ஏதாவது உண்டா? சீக்கிரம் பதில் போடு.