நாற்பத்தேழாம் பக்கத்து வசனம்

சேசு மரி சூசை

தாராவி, பம்பாய்-17
12-7-64

அன்பு மகள் சகாயராணிக்கு அப்பா எழுதுவது. தேவமாதா தயவில் நானும் உன் அம்மாவும் சுகம், மெட்ராஸில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, தகரம் ஒழுகுகிற இடத்தில் அம்மா அண்டாவை வைத்திருக்கிறாள். நீ அனுப்பிய புஸ்தகம் நனையாமல் வந்து சேர்ந்தது. நனைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அட்டையில் பொன்னாடையோடு படம், நாடகச் செம்மல் தனசீலன் வாழ்க்கை வரலாறு. இவர் தாராவியில் இருந்தாராமே, உங்களுக்குத் தெரியுமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். தெரியுமாவா? நம் வீட்டுக்கு மூன்றாவது வீடு. உன் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை மிச்சம் வைக்காமல் தின்றவன். இத்தனை வருஷம் அவன் பேரை நான் வீட்டில் எடுத்ததில்லை, காரணம் பொறாமைதான், வேறு பேர் சொல்லி மூட மாட்டேன். படத்தில் அவன் தலைமயிர் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, சாயம்தான் என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்க்கும் வேங்கடசுப்ரமணியன், முலுண்ட் வரை ரயிலில் படிக்கிறேன் என்று இரவல் கேட்டார். அச்சு மங்கல், கண் கெட்டுப்போகும் என்று சொல்லிக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

நாற்பத்தொன்பதில் கோயில் திருவிழாவுக்கு அவனும் நானும் சேர்ந்துதான் நாடகம் எழுதினோம். கதை அவனுடையது, யார் யாருக்கு என்ன பாடம் என்று பிரித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும், திருவிழாவுக்குப் பொருள் கொடுத்த வீட்டுக்காரர் ஒருவராவது மேடையில் வாய் திறந்து பேசியாக வேண்டும். பெட்ரோமாக்ஸ் விளக்கு ஆறும் கொடுத்தவர் சூசைமாணிக்கம். அவருக்குத் தனசீலன் கொடுத்தது வாயிற்காவலன் வேஷம், கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், பேச்சே கிடையாது. வசனம் இல்லன்னா வெளக்கத் தூக்கிட்டுப் போயிருவேன் என்று அவர் ஒத்திகையில் குதித்தார். நான்தான் அன்றைக்கே ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன். போருக்குப் போய் வருஷக்கணக்காகத் திரும்பாத ராஜா வந்து நிற்கும்போது காவலன் சொல்வது: "கதவு திறந்துதான் இருக்கிறது, அரசே. காத்திருந்தவர்தான் உள்ளே இல்லை." திருவிழாவில் ஜனம் ஒரு நிமிஷம் மூச்சு விடவில்லை. அந்த நாடகத்தைத்தான் அவன் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆள் ஆனான். இப்போது நாற்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டிப் பார். அரபிக் கடலோரம் தனியாக நின்று அலையைப் பார்த்தபோது அவன் கண்ணில் நீர் வந்ததாம், அந்த வசனம் பிறந்ததாம். அதே பக்கத்தில் கீழே, "விளக்கு கொடுத்து உதவியவர் சந்தியாகு" என்று என்னைப் பற்றி ஒரே ஒரு வரி. சூசைமாணிக்கத்தின் விளக்கு எனக்கு, என் வசனம் அவனுக்கு! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, ராணி.

வருகிற இருபத்தாறாம் தேதி அவனுக்கு நடக்கும் பாராட்டு விழாவில் மாலை போட உன் ஆபீஸில் உன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என்னைப் பெருமையாகப் பேசிய மாதிரி ஒரு வரி நீ எனக்கு எழுதினதில்லை, அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதுதான் எல்லாவற்றிலும் எரிந்தது. அவனுக்கு எட்டுப் பக்கம் காகிதம் எழுதினேன், அந்த வசனம் என்னுடையது, சபையிலே ஒப்புக்கொள் என்று. மாலையோடு அதையும் நீ அவன் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் திட்டம்.

ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். வசனம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். இத நான்லா சொன்னேன் என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மாகிம் கோயில் நவநாள் செபத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒத்திகையில் உட்கார்ந்துவிட்டேனாம், அவள் புதுச் சேலை கட்டிக் காத்திருந்து பார்த்துவிட்டு உன்னையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் பேராச்சி நடையில் போய் உட்கார்ந்தாளாம். நான் வந்து வாசலில் நின்று கூப்பிட்டபோது அங்கிருந்தே சொன்னாளாம்: "கதவு தொறந்துதான் கெடக்கு, உள்ள போங்க. காத்துக்கிட்டிருந்தவதான் உள்ள இல்ல." சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது, அந்தச் சேலையின் கத்தரிப்பூ நிறம் உட்பட. மறுநாள்தான் சூசைமாணிக்கத்துக்கு வசனம் எழுதினேன். பதினைந்து வருஷமாக அது என் மூளையில் உதித்தது என்றே நம்பியிருந்தேன். தனசீலனாவது கடலைப் பார்த்தேன் என்று பொய் சொன்னான், நான் எதையும் பார்க்கக்கூட இல்லை. அப்படியானால் உன் பேரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். வசனத்த நீங்களே வச்சிக்கிடுங்க, நவநாளுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்க, அதச் சொல்லுங்க என்றாள்.

எட்டுப் பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன். வருகிற புதன்கிழமை மாகிமில் நவநாள், அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். நீ விழாவுக்குப் போ, மரியாதையாக மாலை போடு, மழையில் நனையாதே, வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளி. அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள், என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. யார் வீட்டுப் பெண் என்று அவன் கேட்டால், உன் அம்மா பேரைச் சொல்லி, லூர்தம்மாள் மகள் என்று சொல். விளக்கு கொடுத்த சந்தியாகு மகள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா
சந்தியாகு